வன்னியிலிருந்து வெளிநாடு: காசு மாற்றும்போது எங்கே கழிகிறது

சென்னையில் கலியாணம், வேளாங்கண்ணியில் நேர்த்தி, சிங்கப்பூரில் மகள் வீடு. எதுவாக இருந்தாலும் டிக்கெட்டும் விசாவும் கைக்கு வந்த பிறகுதான் காசு மாற்றும் நினைவு வரும். கொழும்பில் இருப்பவருக்கு அது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முடிகிற வேலை. துணுக்காயிலோ பூநகரியிலோ முல்லைத்தீவிலோ இருப்பவருக்கு ஒரு பகல் போய்விடும். போன இடத்தில் தாள் இல்லையென்றால் இன்னொரு பகலும் போகும்.

அலைச்சல் கண்ணுக்குத் தெரியும். நட்டம் தெரியாது. காசு ஒரு நாணயத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உதிர்கிறது. அதனால் "இண்டைக்கு ரேட் என்ன?" என்று கேட்பதற்கு முதல், உங்கள் காசு செலவாகும் இடம் போய்ச் சேருமுன் எத்தனை தரம் மாறப்போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பலகையில் எந்த நிரல்?

வங்கியில் தொங்கும் விலைப்பலகையில் ஒரு நாணயத்துக்கு ஒரு விலை இருக்காது. வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் தாளுக்கு ஒன்று, காசோலைக்கு ஒன்று, தந்தி மாற்றுக்கு (வங்கியிலிருந்து வங்கிக்கு அனுப்பும் காசுக்கு) ஒன்று. வாங்குவதும் விற்பதும் வங்கியின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை. நீங்கள் டொலர் வாங்கப் போனால் பார்க்க வேண்டியது வங்கி "விற்கும்" விலையை, அதுவும் தாள் நிரலில். இரண்டு விலைகளில் எப்போதும் பெரியதுதான் உங்களுக்கு.

ஃபோனில் கூகுளைத் தட்டினால் வரும் விலை இரண்டுக்கும் நடுவில் நிற்கும் எண். அந்த விலைக்கு எந்தக் கவுண்டரிலும் தாள் கிடைக்காது. "இணையத்தில் 302 என்று கிடக்கு, நீங்கள் 306 சொல்லுறியள்" என்று காசாளரோடு வாக்குவாதப்படுவதில் பயனில்லை. அவர் ஏமாற்றவில்லை. அந்த இடைவெளிதான் அவருடைய வியாபாரம்.

தொலைபேசியில் விசாரிக்கும்போதும் சரியான கேள்வியைக் கேளுங்கள். "டொலர் என்ன விலை?" என்றால் எதிர்முனையில் இருப்பவர் வாங்கும் விலையைச் சொல்லிவிடுவார், ஏனென்றால் வன்னியில் அழைப்பவர்களில் அநேகர் வெளிநாட்டிலிருந்து வந்த காசை விற்கக் கேட்பவர்கள். "தங்கச்சி, எனக்கு டொலர் தாளாய் வேணும். நீங்கள் விக்கிற ரேட் என்ன, கையில 300 டொலர் இருக்குதோ?" என்று கேளுங்கள். விலையை விட அந்த இரண்டாவது பாதிதான் முக்கியம்.

உறவினர் அனுப்பிய காசு

இங்கே பல பயணங்களுக்குக் காசு வருவது ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ. அது வங்கிக் கணக்கில் ரூபாவாக விழுகிறது. பிறகு அதே ரூபாவைக் கொண்டுபோய் டொலர் வாங்குகிறோம். ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம் (விலைகள் கணக்குக்காக மட்டும்): வாங்கும் விலை 298, விற்கும் விலை 306. அண்ணன் அனுப்பிய 500 டொலர் 1,49,000 ரூபாவாகிறது. அதைத் திரும்ப 306ஆல் பிரித்தால் 486 டொலரும் சில்லறையும். ஒன்றும் வாங்காமல், ஒன்றும் சாப்பிடாமல் 13 டொலர், ஏறக்குறைய 4,000 ரூபா, போய்விட்டது. அனுப்புகிறவர் அங்கே கட்டிய கட்டணம் வேறு.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள். முதலாவது, சென்னையில் சந்திக்கத்தான் போகிறீர்கள் என்றால் அவர் இங்கே அனுப்பவே வேண்டாம். வரும்போது கையில் கொண்டுவந்து அங்கே மாற்றட்டும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம், ஆனால் பதற்றத்தில் மறந்துபோகிற விஷயம்.

இரண்டாவது, பயணம் அடிக்கடி உண்டென்றால் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்று திறப்பது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குப் பிறகு வந்த ஒழுங்கு இது. வெளிநாட்டிலிருந்து வரும் காசு அந்த நாணயத்திலேயே கணக்கில் கிடக்கும், ரூபாவாக மாறாது. பயணத்துக்கு அதிலிருந்தே தாள் எடுக்கலாம். ஆரம்ப வைப்புத் தொகையும் தாளாக எடுப்பதற்கான கட்டணமும் வங்கிக்கு வங்கி வேறுபடும். வருடத்தில் ஒரு தரம் 200 டொலருக்காக இதைத் திறப்பது தேவையில்லாத வேலை. மூன்றாவது, உறவினர் ஊருக்கு வந்து நிற்கும்போது அவர் கொண்டுவந்த தாளில் மிஞ்சியதை உங்களுக்கே தந்துவிட்டுப் போவது. அப்படி வரும் தாள்களில் ஒரு சிக்கல் உண்டு, கீழே வருகிறது.

கிளிநொச்சியில் கிடைக்குமா?

கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கத்து வங்கிக் கிளைகள் வெளிநாட்டுத் தாளைச் சந்தோஷமாக வாங்கும். விற்பதற்கு இருப்பில் இருக்குமா என்பது வேறு கேள்வி. சிறிய கிளைகள் வாங்கிய தாளைத் தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்பிவிடுகின்றன. ஆகவே நேரே போய் வரிசையில் நிற்காமல், ஒரு கிழமைக்கு முன்னர் நீங்கள் கணக்கு வைத்திருக்கும் கிளைக்கு அழைத்து, எந்த நாணயம், எவ்வளவு, எந்தத் திகதி என்று சொல்லி வையுங்கள். அங்கே பேசியவர் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போகிற நாள் காலையில் இன்னொரு அழைப்பு. இந்த இரண்டாவது அழைப்பைச் சோம்பல் பார்த்து விட்டவர்கள்தான் மாங்குளச் சந்தியில் வெறுங்கையோடு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

கொண்டுபோக வேண்டியவை: கடவுச்சீட்டு, தேசிய அடையாள அட்டை, விசா, போக வர உறுதி செய்த டிக்கெட். ஒவ்வொன்றிலும் ஒரு போட்டோப் பிரதி. டிக்கெட் ஃபோனில் மட்டும் இருந்தால் அச்செடுத்துக்கொண்டு போங்கள், வங்கி தன் கோவையில் வைக்கக் கடதாசிதான் கேட்கும். பயணம் போகிறவர் நேரில் வரவேண்டும். குடும்பமாகப் போனால் ஒவ்வொருவர் கடவுச்சீட்டுக்கும் தனித்தனியாகக் கேட்கலாம், ஒருவர் பெயரில் எல்லாவற்றையும் போட வேண்டியதில்லை. சில வங்கிகள் கொடுத்த தொகையைக் கடவுச்சீட்டிலோ டிக்கெட் பிரதியிலோ எழுதி முத்திரை குத்தும். அது வழமைதான்.

நேரம்: பெரும்பாலான கிளைகள் காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை. வெளிநாட்டு நாணயத்துக்குப் பொறுப்பானவர் ஒருவர்தான் இருப்பார், அவர் சாப்பாட்டுக்குப் போனால் வேலை நிற்கும். பத்து மணிக்கு முன்னர் போய்விடுங்கள். கலண்டரில் பறுவத்தைப் பாருங்கள். போயா, சனி, ஞாயிறு சேர்ந்து வந்தால் மூன்று நாள் கதவு பூட்டு. சித்திரை வருடப்பிறப்புக் கிழமையில் பயணம் என்றால் அதற்கு முந்தின கிழமையே காரியத்தை முடித்துவிட வேண்டும்.

விலை குறையட்டும் என்று காத்திருப்பதா? 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 அளவுக்கு ஏறியது. அந்தப் பயம் இன்னும் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. ஆனால் சாதாரண நாட்களில் ஒரு நாளைக்குச் சதக் கணக்கில்தான் அசைவு. 300 டொலருக்கு 50 சதம் மிச்சம் பிடித்தால் வருவது 150 ரூபா. கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போய்வரும் பஸ் காசுக்கே அது காணாது.

நாணய மாற்றுநர்

கொழும்புக்குப் போய்த்தான் விமானம் ஏறுகிறீர்கள் என்றால் வெள்ளவத்தையிலோ கோட்டையிலோ நாணய மாற்றுக் கடையில் வாங்கலாம். பல வேளைகளில் வங்கியை விட விலை கொஞ்சம் நன்றாக இருக்கும், சிங்கப்பூர் டொலரோ மலேசிய ரிங்கிற்றோ கிடைக்கும் வாய்ப்பும் கூட. அவர்களுக்கு மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருப்பதில் எந்த வருடத்துக்கானது என்று பாருங்கள். அனுமதி பெற்றவர்களின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் யாரிடம் போகலாம் என்பதையும் அந்தப் பட்டியலைப் பார்த்தே முடிவெடுங்கள். புறக்கோட்டையில் காதோடு "டொலர் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு பின்னால் வருகிறவரிடம் ஒருபோதும் வேண்டாம்.

கடைக்காரர் தாளை எண்ணித் தருவார். நீங்கள் அவர் முன்னாலேயே எண்ணுங்கள். எண்ணி முடித்த பிறகு, "ஒருக்காத் தாங்கோ, ரப்பர் பாண்ட் போட்டுத் தாறன்" என்று கட்டைத் திரும்ப வாங்கினால், கைக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். மரியாதைக் குறைவு என்று யோசிக்க வேண்டாம், அந்தத் தொழிலில் இருப்பவருக்கு அது பழகிய காட்சி. பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொகை, விலை, திகதி மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

உண்டியல்காரரிடம் (அனுமதியில்லாமல் வங்கிக்கு வெளியே காசு மாற்றித் தருபவரிடம்) மாற்றுவது இங்கே புதிதல்ல, ஏன் போகிறார்கள் என்பதும் தெரிந்ததே. விலை நன்றாக இருக்கும், வீட்டுக்கே வந்து தருவார்கள். ஆனால் அது சட்டத்துக்கு வெளியே நடப்பது. கள்ளத்தாள் ஒன்று வந்துவிட்டால் பொலிஸுக்கும் போகேலாது, வங்கிக்கும் போகேலாது. சுங்கத்தில் "இது எங்க வாங்கினது?" என்று கேட்டால் நீட்டப் பற்றுச்சீட்டும் இருக்காது.

தாளைப் பார்த்து வாங்குதல்

எங்கள் வீடுகளில் வெளிநாட்டுத் தாள் வைக்கும் விதம் தெரிந்ததே: நாலாக மடித்து, பொலித்தீனில் சுற்றி, அலுமாரியில் சீலைக்கு அடியில், சில வேளை ஊசி குத்தி. மாரி ஈரத்தில் தாள் ஒட்டிக்கொள்ளும், மடிப்பில் மை உரிந்துபோகும். அதைப் பிறகு யாரும் முழு விலைக்கு எடுக்க மாட்டார்கள். அமெரிக்க டொலரைப் பொறுத்தவரை பழைய தாள் எல்லாம் அமெரிக்காவில் செல்லுபடியானவைதான். ஆனாலும் சென்னையிலும் டுபாயிலும் கடைக்காரர் நீலப் பட்டி ஓடும் 100 டொலர்த் தாளைத்தான், அதாவது 2013 ஒக்ரோபரிலிருந்து புழக்கத்துக்கு வந்ததைத்தான், விரும்புவார். பழையதென்றால் விலையைக் குறைப்பார் அல்லது திருப்பித் தருவார். தாளில் முத்திரை, பேனாக் கீறல், மூலையில் கிழிசல், ஊசித் துளை எதுவும் இருக்கக்கூடாது. வங்கி தந்த தாள் என்றாலும் கவுண்டரை விட்டு விலக முன்னர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, பிழையானதை மாற்றித் தரக் கேளுங்கள். அந்த இடத்தில் மாற்றுவார்கள், அடுத்த நாள் மாற்ற மாட்டார்கள்.

100 டொலர்த் தாளில் மூன்று இடம் பாருங்கள். தாளை மேலும் கீழும் சரித்தால் நீலப் பட்டியில் இருக்கும் மணிகள் 100 என்ற எண்ணாக மாறி அசையும். கீழ் வலது மூலையில் உள்ள 100 செப்பு நிறத்திலிருந்து பச்சையாகும். படத்தில் இருப்பவரின் தோள்பட்டையில் விரல் நகத்தை ஓட்டினால் சொரசொரப்புத் தெரியும்.

உறவினர் கைமாற்றிய தாளில் வரும் சிக்கல் இதுதான். அநேகம் பேர் கலியாண வீட்டில் மொய்யாக வந்த பவுண்சை வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் கடதாசி 20, 50 பவுண்ஸ் தாள்கள் 2022 செப்டெம்பர் 30ஆம் திகதியோடு கடைகளில் செல்லாமல் போயின, இப்போது புழங்குவது பிளாஸ்டிக் தாள். சுவிஸின் எட்டாவது வரிசைத் தாள்கள் 2021 ஏப்ரல் 30ஆம் திகதியோடு மீளப்பெறப்பட்டன. கனடாவின் 1,000 டொலர்த் தாளுக்கு 2021 ஜனவரி 1 முதல் சட்டச் செல்லுபடி இல்லை. இவற்றை அந்தந்த நாட்டு மத்திய வங்கி ஏற்கும், கிளிநொச்சியில் யாரும் ஏற்கமாட்டார்கள். அனுப்பியவரிடமே திருப்பிக் கொடுத்து மாற்றச் சொல்வதுதான் வழி. 500 யூரோத் தாள் செல்லும், ஆனால் அச்சிடுவதை நிறுத்திவிட்டார்கள். கடையில் நீட்டினால் ஆளை மேலும் கீழும் பார்ப்பார்கள். 50 யூரோவுக்கு மேற்பட்ட தாள் வேண்டாம்.

இந்தியாவுக்குத் தனிக் கணக்கு

எங்கள் ஆட்களில் கூடுதலானோர் போவது அங்கேதான், குழம்புவதும் அங்கேதான்.

முதலில் பழைய தாள். தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பிய குடும்பங்களிடம் பழைய இந்திய 500, 1,000 ரூபாத் தாள்கள் இன்னும் இருக்கக்கூடும். 2016 நவம்பர் 8 அறிவிப்போடு அவை செல்லாத காசு, இனி மாற்ற வழியில்லை. 2,000 ரூபாத் தாளை 2023 மே மாதத்தில் புழக்கத்திலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். கடையில் வாங்கமாட்டார்கள், ரிசேவ் வங்கி அலுவலகங்களோடுதான் அலைய வேண்டும். யாராவது "நல்ல விலைக்கு" இவற்றைத் தந்தால் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது எவ்வளவு இந்திய ரூபா கொண்டுபோகலாம் என்பது. விமான நிலையம் வழியாக வரும் இலங்கையர் 25,000 இந்திய ரூபா வரை கொண்டுவரலாம் என்பது இந்திய விதி. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலில் போகிறவருக்கு இந்தச் சலுகை எழுதப்படவில்லை. கப்பலில் போனால் டொலராகவே கொண்டுபோவது பாதுகாப்பு.

இங்கேயே இந்திய ரூபா வாங்குவது நல்லதா, டொலர் கொண்டுபோய் அங்கே மாற்றுவதா? இதற்குப் பொதுவான விடை இல்லை, கணக்குப் போட வேண்டும். மறுபடி உதாரண விலைகள்: இங்கே ஒரு இந்திய ரூபா 3.70 இலங்கை ரூபா. ஒரு டொலர் 306. சென்னை நகரத்தில் ஒரு டொலருக்கு 84 இந்திய ரூபா தருகிறார்கள், விமான நிலையக் கவுண்டரில் 79. உங்களிடம் ஒரு இலட்சம் ரூபா. நேரே வாங்கினால் 27,027 இந்திய ரூபா. டொலராக்கி நகரத்தில் மாற்றினால் 27,450 அளவில். அதே டொலரை விமான நிலையத்தில் மாற்றினால் 25,800 அளவில். இரண்டு தரம் மாறினாலும் நகரத்தில் ஒரு தரத்தை விடக் கூட வருகிறது, ஏனென்றால் இங்கே இந்திய ரூபாவில் இடைவெளி பெரிது. விமான நிலையத்தில் மாற்றினால் அந்த இலாபம் எல்லாம் போய் அதற்கு மேலும் போகிறது. உங்கள் பயண நாள் விலைகளைப் போட்டு இதே மூன்று கணக்கையும் செய்யுங்கள், ஐந்து நிமிட வேலை.

நடைமுறையில் சரிவருவது இரண்டையும் கலப்பது: இறங்கியதும் டாக்சி, சாப்பாடு, முதல் இரவுத் தங்குமிடம், ஃபோன் சிம் ஆகியவற்றுக்காக 8,000 முதல் 10,000 இந்திய ரூபா இங்கேயே வாங்குங்கள். 100, 200 தாள்களாகக் கேளுங்கள், ஓட்டோக்காரரிடம் 500க்குச் சில்லறை இருக்காது. மிச்சம் டொலர். அங்கே தியாகராய நகரிலோ எழும்பூரிலோ திருச்சியிலோ ரிசேவ் வங்கி அனுமதி பெற்ற கடையில் கடவுச்சீட்டைக் காட்டி மாற்றுங்கள். அவர்கள் தரும் பணமாற்றுச் சான்றை எறிய வேண்டாம், திரும்பும்போது மிஞ்சிய இந்திய ரூபாவை டொலராக்க அதைக் கேட்பார்கள். அங்கே தேநீர்க் கடைவரை ஃபோனில்தான் காசு கட்டுகிறார்கள், அந்த இடங்களில் நம் நாட்டு வங்கிகளின் அட்டை உதவாது. வைத்தியசாலையில் பெரிய தொகை கட்டுவதாக இருந்தால் தாளாகக் கொண்டுபோகாமல் வங்கி மூலம் அனுப்பும் வழியை முதலிலேயே உங்கள் கிளையில் கேளுங்கள்.

வேறு நாடுகளுக்கு இவ்வளவு மண்டை உடைக்க வேண்டியதில்லை. வளைகுடா நாடுகளில் பலவற்றின் நாணயம் டொலரோடு கட்டப்பட்டது: ஒரு டொலர் 3.6725 திர்ஹாம், 3.75 சவூதி றியால், 3.64 கட்டார் றியால். டொலர் கொண்டுபோனால் அங்கே என்ன கிடைக்கும் என்று வீட்டிலிருந்தே சொல்லலாம். ஐரோப்பாவுக்கு யூரோ, இங்கிலாந்துக்குப் பவுண்ஸ் என்று நேராகவே வாங்குங்கள்.

அட்டையும் சுங்கமும்

வங்கி அட்டையைக் கொண்டுபோனால், புறப்பட முன்னரே வெளிநாட்டுப் பாவனையைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். வங்கியின் குறுஞ்செய்தி எந்த எண்ணுக்கு வருகிறதோ அந்த சிம்முக்கு ரோமிங் போடுங்கள், அல்லாவிட்டால் இரகசிய எண் வராமல் அட்டை வெறும் பிளாஸ்டிக். அங்கே இயந்திரம் "இலங்கை ரூபாவில் அறவிடவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அந்த நாட்டு நாணயத்தையே அமத்துங்கள். ரூபாவில் தெரிந்தால் விளங்கும் என்று தோன்றும், ஆனால் அந்த விலையைப் போடுவது அங்குள்ள இயந்திரக்காரர்.

இலங்கையில் ஒருவர் கைவசம் வைத்திருக்கக்கூடிய வெளிநாட்டுத் தாளின் எல்லையை 2022 யூனில் 15,000 டொலரிலிருந்து 10,000 ஆகக் குறைத்தார்கள். இலங்கை ரூபாவை வெளியே கொண்டுபோவதற்கு எல்லை 20,000. இந்தியாவில் தாளாக 5,000 டொலருக்கு மேல் இருந்தால் இறங்கும்போது அறிவிக்க வேண்டும். இங்கிலாந்தில் 10,000 பவுண்ஸ், ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோ, கனடாவில் 10,000 கனடா டொலர். அறிவித்தால் வரி இல்லை, மறைத்தால்தான் பிரச்சினை.

புறப்படும்போது இலங்கை ரூபாவை முற்றாக மாற்றிவிட வேண்டாம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இரவு இறங்கி, கொழும்புக்கு வந்து, விடிய யாழ் பஸ் பிடித்து, பரந்தன் சந்தியில் ஓட்டோ ஏறும் வரைக்கும் ஆளுக்கு 5,000 ரூபாவாவது வேறாக ஒரு கடித உறையில் வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய வெளிநாட்டுத் தாளைக் கட்டுநாயக்கா வங்கிக் கவுண்டரில் விற்கலாம், ஊரில் உங்கள் கிளையிலும் விற்கலாம். அடுத்த பயணம் கிட்டவென்றால் மடிக்காமல், ஊசி குத்தாமல், புத்தகம் ஒன்றுக்குள் வையுங்கள். நாணயக் குத்திகளை எந்தக் கவுண்டரும் எடுக்காது. அவற்றை அங்கேயே விமான நிலையத் தண்ணீர்ப் போத்தலுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.